எப்டாயின் 300-லிருந்து 400 ஆனது முதல் தள்ளாட்டம்: மாத்திரையைக் குறைக்கலாமா?

கரூர் வாசகி
அப்பாவுக்கு வயது 61. வலிப்புக்காக எப்டாயின் 100 மி.கி. இரவில் மூன்று போட்டு வந்தார். போன மாதம் மறுபடி ஃபிட்ஸ் வந்ததால் டாக்டர் நான்காக்கினார். சில நாட்களாக நடக்கும்போது தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்கிறார். படர்தாமரைக்குத் தோல் டாக்டர் எழுதிய ஃப்ளுகோனசோலும் தினமும் போடுகிறார். நெஞ்செரிச்சலுக்கு இரவில் டைஜீன் குடிப்பார். நாங்களே மூன்றாகக் குறைத்துவிடலாமா? மறந்துபோன வேளைக்கு என்ன செய்வது?

மருந்தாளுநர்
நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இன்றிரவு மாத்திரைக்கு முன்பே நரம்பு டாக்டரிடம் பேசிவிடுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் இரத்தத்தில் ஃபெனிடோயின் (எப்டாயினில் உள்ள மருந்து) கூடிப்போனதற்கான அடையாளங்கள். ஆனால் வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை மட்டும் துவளுவது என்று திடீரென ஏதாவது தெரிந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது டாக்டரின் போனுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எழுப்ப முடியாத தூக்கம், நிற்காத வாந்தி இருந்தாலும் அப்படியே.

ஒரு மாத்திரை கூடியதற்கா இவ்வளவு என்று தோன்றும். இந்த மருந்தின் குணமே அதுதான். கல்லீரல் இதை ஓர் அளவுக்கு மேல் வேகமாக உடைக்க முடியாது. மதகு முழுதாகத் திறந்த பிறகும் வரத்து கூடினால் ஏரிதான் ஏறும். அதனால் 300-ஐ 400 ஆக்கினால் இரத்த அளவு மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடி நிற்காது, இரட்டிப்பாகவும் ஆகலாம். 300-க்கு மேல் போகும்போது 25, 50 மி.கி. என்று சின்னச் சின்னதாக ஏற்றுவது இதனால்தான்.

அதோடு ஃப்ளுகோனசோலும் சேர்ந்திருக்கிறது. ஃபெனிடோயினை உடைக்கும் அதே நொதியை அது தடுக்கிறது. இரண்டு டாக்டர்களும் மற்றவர் எழுதிய சீட்டைப் பார்த்தார்களா? எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். காசநோய் மருந்துகளும் இப்படித்தான்: ஐசோனியசிட் அளவை ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கும்.

நரம்பியல் வார்டு செவிலியர்
மேலே சொன்னது சரி. இரத்தப் பரிசோதனை பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். வழக்கமான சோதனைக்கு அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பு இரத்தம் எடுப்பார்கள். தள்ளாட்டம் இருக்கும்போது அதற்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே எடுக்கலாம். கடைசி மாத்திரை போட்ட மணியை மட்டும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மி.லி.க்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை வழக்கமான அளவு. ஃபெனிடோயின் ஒட்டிக்கொள்ளும் இரத்தப் புரதமான ஆல்புமின் குறைந்தவர்களுக்கு மொத்த அளவு சரியாகத் தெரிந்தாலும் வேலை செய்யும் பங்கு கூடியிருக்கும், ஆகவே ஆல்புமினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

டைஜீன், ஜெலுசில் போன்றவை ஃபெனிடோயின் உடலில் சேர்வதைக் குறைக்கும். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். அப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டால், டைஜீன் பதினொன்றுக்குத்தான்.

மறந்த வேளை: மறுநாள் காலையில் ஞாபகம் வந்தால் அப்போதே கொடுங்கள். மாலையாகி அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு வேளைக்கானதை ஒன்றாக மட்டும் கொடுக்காதீர்கள். தொடர்ந்து இரண்டு நாள் தவறினால் டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். இப்போதுள்ள நிலையில் எந்த வேளையானாலும் அவரைக் கேட்டே கொடுங்கள்.

மெடிக்கலில் "இதுவும் அதே மருந்துதான்" என்று வேறு கம்பெனி அட்டை கொடுத்தால் வாங்கவேண்டாம். அளவு இப்படி நூலிழையில் நிற்கும் மருந்தில் சின்ன வித்தியாசமும் தெரியும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் டாக்டருக்குத் தெரிந்து மாறட்டும். குழந்தைகளுக்கு இதையே திரவ மருந்தாகக் கொடுப்பவர்கள் பாட்டிலை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும்: முதல் வாரம் குறைவாகப் போய் வலிப்பு வரும், கடைசி வாரம் கூடிப்போய்த் தள்ளாடும். 5 மி.லி.க்கு 30 மி.கி., 125 மி.கி. என்று இரண்டு வகை இருக்கிறது, லேபிளைப் பாருங்கள். அளக்க ஊசியில்லாத சிரிஞ்சுதான், வீட்டு ஸ்பூன் வேண்டாம்.

கரூர் வாசகி
நன்றி. டாக்டரைப் பார்த்தோம். அளவு 31 வந்தது. இரண்டு இரவு நிறுத்தி, பிறகு மூன்று மாத்திரை என்று சொன்னார். தோல் டாக்டரும் ஃப்ளுகோனசோலை நிறுத்திப் பூசும் க்ரீம் கொடுத்துவிட்டார். இனி 300-லேயே ஓட்டலாம் இல்லையா?

மருந்தாளுநர்
இரண்டு இரவு நிறுத்தம் அவர் அளவைப் பார்த்துச் சொன்னது. இதைப் படிக்கும் மற்றவர்கள் தாங்களாகச் செய்யக்கூடாது. 300 போதுமா என்பதும் இப்போதே தெரியாது. ஃப்ளுகோனசோல் உடலைவிட்டு இறங்க ஒரு வாரம்போல ஆகும். அது போனதும் ஃபெனிடோயின் அளவும் இறங்கும். பழையபடி 300-இல் ஃபிட்ஸ் வந்தவர்தானே அவர்? இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அளவு பார்க்கத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை மாடிப்படியில் தனியாக விடவேண்டாம், வண்டி ஓட்டவே வேண்டாம்.

நரம்பியல் வார்டு செவிலியர்
இடையில் ஃபிட்ஸ் வந்தால் கையில் சாவி, இரும்பு எதுவும் திணிக்காதீர்கள், வாயில் ஒன்றும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்தால், 108.