ரயில் பாதைக்கு அருகில் வீடு: எந்த ஒலிவாங்கி பொருந்தும்?

வெள்ளவத்தை வாசகி:

வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். பார்வையற்ற மாணவர்களுக்காக வரலாற்றுப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து இணையத்தில் அனுப்புகிறேன். போன மாதம் சேமிப்பை எடுத்து கணினியில் நேரே செருகும் யூஎஸ்பி ஒலிவாங்கி ஒன்று வாங்கினேன்; மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கன்டென்சர் வகை. கைப்பேசியில் கேட்காததெல்லாம் இப்போது கேட்கிறது: மின்விசிறி, காகம், பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் இசை. ரயில் வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன். இரவு பதினொரு மணிக்குப் பதிந்தாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது.

"அக்கா, பராக்கிரம சமுத்திரம் பற்றிச் சொல்லும்போது யாரோ தேங்காய் துருவுகிறார்கள்" என்று ஒரு மாணவி குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அது பக்கத்து வீட்டுச் சமையலறை. அந்தப் பிள்ளைக்கு நான் வாசிப்பதுதான் பாடப் புத்தகம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை விற்றுவிட்டு விலை கூடியதாக வாங்கவா?

தெஹிவளை மாணவன்:

ஷூர் எஸ்எம்7பி ஒலிவாங்கி வாங்குங்கள் அக்கா. பொட்காஸ்ட் செய்பவர்கள் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பழைய ஒலிப்பதிவாளர்:

தம்பி சொன்னது அருமையான ஒலிவாங்கிதான். ஆனால் அது தரும் ஒலி மெல்லியது, ஏறத்தாழ 60 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) பெருக்க வேண்டும். ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் இடைமுகக் கருவி மலிவானதென்றால், அதில் அவ்வளவு ஏற்றும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும். நல்ல கருவிக்குத் தனிச் செலவு. தங்கச்சிக்கு அது இப்போது வேண்டாம்.

வானொலியிலும் கலையகங்களிலும் பல ஆண்டுகள் குரல் பதிந்தவன் நான். முதலில் கேட்பது ஒன்றுதான்: வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் எவ்வளவு தூரம்? மேசையில் வைத்து ஒரு முழம் தள்ளி வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் 6 டெசிபெல் கூடும். தேங்காய் துருவும் சத்தம் அப்படியே இருக்கும். ஒரு முழத்திலிருந்து நான்கு விரல் அளவுக்கு வந்து, பதிவு அளவைக் குறைத்துப் பாருங்கள். சத்தம் எவ்வளவு பின்வாங்குகிறது என்று நீங்களே கேட்பீர்கள்.

அவ்வளவு நெருங்கினால் "பாண்டியர்", "அப்பா" என்று வரும் இடங்களில் காற்று மோதும். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைக்காமல் கடைவாய்ப் பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். குரல் கொஞ்சம் கனக்கும், பயப்பட வேண்டாம்.

கிணற்றுக் குரலுக்குக் காரணம் சீமெந்துச் சுவரும் தரையோடும். அலுமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் சேலைகளைப் பார்த்து உட்கார்ந்து வாசியுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த போர்வை. முன்பக்க ஒலியைக் கூடுதலாக வாங்கும் கார்டியாயிட் வகை ஒலிவாங்கி, பின்பக்கச் சத்தத்தைக் குறைவாகவே வாங்கும். அதனால் ஒலிவாங்கியின் முதுகு சன்னலைப் பார்க்கட்டும், உங்கள் முதுகு அல்ல. பலரும் இதை மாற்றி வைத்துவிட்டுக் கருவியைத் திட்டுகிறார்கள்.

இவற்றுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டுமென்றால், கன்டென்சர் அளவுக்கு மெல்லிய சத்தங்களைப் பிடிக்காத டைனமிக் வகை எடுங்கள். சாம்சன் கியூ2யூ போன்ற ஒன்றில் யூஎஸ்பியும், இடைமுகக் கருவியில் செருகும் எக்ஸ்எல்ஆர் இணைப்பும் இருக்கும். பின்னாளில் இடைமுகம் வாங்கினாலும் வீணாகாது. கடற்காற்றின் ஈரத்தையும் டைனமிக் நன்றாகத் தாங்கும். கன்டென்சரை வைத்திருப்பதானால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஈரம் ஏறினால் கரகரக்கும்.

வாங்கும் கடையில் காதுக்கருவியைப் போட்டு, உங்கள் பாடத்திலிருந்தே ஒரு பந்தி வாசித்துக் கேளுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

வெள்ளவத்தை வாசகி:

அண்ணா, நேற்றிரவு செய்து பார்த்தேன். நான் வைத்திருந்தது ஒரு முழத்துக்கும் மேல். அம்மாவின் கூறைச்சேலையை நடுவில் தொங்கவிட்டு, நான்கு விரல் தூரத்தில் அதே பாடத்தை வாசித்தேன். மின்விசிறியை நிறுத்தியதில் வியர்வை தாளில் சொட்டியது. கிணறு போய்விட்டது. ரயில் இன்னும் கேட்கிறது, ஆனால் தூரத்தில்.

வாசிக்காமல் அரை நிமிடம் பதிந்து ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அளந்தேன்: முன்பு மைனஸ் 41 டெசிபெல், இப்போது மைனஸ் 54. இது போதுமா?

பழைய ஒலிப்பதிவாளர்:

நல்ல முன்னேற்றம். மைனஸுக்குப் பின் எண் பெரிதாகப் பெரிதாக அமைதி கூடும். ஒலிநூல் வெளியிடும் ஏசிஎக்ஸ் தளம் பின்னணிச் சத்தம் மைனஸ் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறது. சன்னல் இடுக்கில் ஒரு துவாயைச் செருகி மறுபடி அளந்து எழுதுங்கள். அதுவரை பணத்தை எடுக்க வேண்டாம்.