என்கார்சியா அட்டை கட்டியும் வெள்ளை ஈ குறையவில்லை, ஏன்?

கேள்வி:
இங்கிலாந்து, கென்ட். 30 சதுர மீட்டர் கண்ணாடிக் குடில், தக்காளி. வெள்ளை ஈயை ஒழிக்க என்கார்சியா ஃபார்மோசா என்ற குளவியின் கூட்டுப்புழு ஒட்டிய அட்டைகளைச் செடி உச்சியில் கட்டி இரண்டு வாரம் ஆகிறது. ஈ அப்படியே பறக்கிறது, இலையெல்லாம் பிசுபிசுப்பு. பகலில் 24 டிகிரி, இரவில் 13. போன மாதம் பைரெத்ராய்டு என்ற பூச்சிமருந்து அடித்திருந்தது. எங்கே கோளாறு?

பதில் 1:
முதல் சந்தேகம் அந்த மருந்துதான். பைரெத்ராய்டின் எச்சம் இலையில் இரண்டு மாதத்துக்கும் மேல் நின்று குளவியைக் கொல்லும். அந்தக் கெடு முடியும்வரை புது அட்டை வாங்குவது வீண் செலவு. அதுவரை பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலை இலையடி நனையத் தெளியுங்கள். காய்ந்தபின் அதில் எச்சம் இல்லை, பிசுபிசுப்பும் கழுவிப் போகும். பிசுபிசுப்பு இருந்தால் குளவி தன் காலைத் துடைப்பதிலேயே நேரத்தைப் போக்கும்.

இன்னொன்று, இந்தக் குளவி பறக்கும் ஈயைத் தொடாது. இலையடியில் ஒட்டியிருக்கும் மூன்றாம், நான்காம் பருவ ஈக்குஞ்சுக்குள்தான் முட்டையிடும். முட்டை வாங்கிய குஞ்சு கருப்பாகும், 22 டிகிரி வாக்கில் அதற்கே பத்து நாள் போல ஆகும். உங்கள் இரவுக் குளிரில் இன்னும் தள்ளும். 18 டிகிரிக்குக் கீழே குளவி சரியாகப் பறக்காது.

பதில் 2:
அட்டையை உச்சியிலிருந்து இறக்குங்கள். வெயில் பட்டால் உள்ளிருக்கும் கூட்டுப்புழு காய்ந்துவிடும். செடியின் நடுப்பகுதிக்குக் கீழே, இலை நிழலில் கட்டுங்கள். ஈ பெருகிவிட்ட குடிலுக்கு சதுர மீட்டருக்கு வாரம் 3 முதல் 6 குளவி வேண்டும், அதாவது உங்களுக்கு 90 முதல் 180. பெரும்பாலான குஞ்சுகள் கருக்கும்வரை வாரம் தவறாமல் விடுங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை கணக்குப் பார்க்க ஒன்று போதும். நிறைய வைத்தால் குளவியும் அதில் மாட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அடியிலைகளைக் கிள்ளி வெளியே போட்டுக்கொண்டிருக்கிறேன். அது சரிதானே?

பதில் 2:
கருப்புக் குஞ்சு இருக்கிற அடியிலையை வெளியே எறியாதீர்கள், அடுத்த தலைமுறைக் குளவி அதில்தான் இருக்கிறது. கிள்ளினாலும் ஒரு வாரமாவது செடியடியிலேயே கிடக்கட்டும்.

பதில் 3:
1926இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இந்தக் குளவி கவனத்துக்கு வந்ததே தக்காளி இலையில் கிடந்த கருப்புக் குஞ்சுகளால்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி பூச்சிக்கொல்லி வந்ததும் இதைக் கைவிட்டார்கள். பூச்சிகள் மருந்துக்கு அடங்காமல் போனபோது திரும்பி வந்தார்கள்.

லென்ஸ் வைத்துக் காலிக் கூடுகளைப் பாருங்கள். வட்டத் துளை என்றால் குளவி வெளியேறியிருக்கிறது. டி வடிவக் கிழிசல் என்றால் ஈ தப்பியிருக்கிறது. எங்குமே கருப்பு தெரியாவிட்டால் அது பெமிசியா என்ற வேறு வகை வெள்ளை ஈயாகவும் இருக்கலாம். அதில் என்கார்சியா முட்டையிட்டாலும் குஞ்சு பழுப்பாகத்தான் மாறும். அதற்கு எரெட்மோசெரஸ் என்ற வேறு குளவி பொருத்தம்.