கொலை முடிஞ்சப்புறம்தான் நாவலே ஆரம்பிக்குது – சமீபத்துல படிச்சதுல மனசுல நின்னது

எல்லாரும் போடுறீங்க, நானும் போடுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

அசுரன் படம் வந்தப்பவே அதுக்கு மூலமான பூமணியோட வெக்கை நாவலைப் படிக்கணும்னு நெனச்சேன், இப்பதான் கைக்கு வந்துச்சு. 1982ல வந்த நாவல், சின்ன புத்தகம்தான், ரெண்டு ராத்திரில முடிச்சிரலாம். படம் பாத்துட்டு போனா அங்க வேற ஒண்ணு இருக்கு. படத்துல வர்ற அந்த நீள பிளாஷ்பேக் காதல் கதையெல்லாம் நாவல்ல கிடையவே கிடையாது. பதினஞ்சு வயசுப் பையன் சிதம்பரம், அண்ணனைக் கொன்னவன் கையை மட்டும் வெட்டிரலாம்னு போறான், ஆள் செத்துப்போறான், அவ்வளவுதான், அந்தச் சம்பவம் ஆரம்பத்துலயே முடிஞ்சிருது. மிச்ச நாவல் பூரா அப்பனும் மகனும் காட்டுல, மலையில, கண்மாய்க்கரையில ஒளிஞ்சு திரியுறதுதான். என்ன செய்றாங்கன்னா சமைக்குறாங்க, சாப்பிடுறாங்க, தூங்க எடம் பாக்குறாங்க, பழசைப் பேசுறாங்க. போலீஸ் வந்துருமோன்னு நமக்குத்தான் பதறுது, அவங்க பாட்டுக்கு அடுப்பு கூட்டிட்டு இருக்காங்க! அந்த அய்யா பையனை ஒரு எடத்துலகூட ஏன்டா இப்படிப் பண்ணுனேன்னு குத்திக்காட்டாம கூடவே கூட்டிட்டுத் திரியுறாரு பாருங்க, எனக்கு வெட்டுக்குத்தை விட அதுதான் பெருசாத் தெரிஞ்சுச்சு. இன்னொண்ணு, சாதிப் பேரே சொல்லாம எழுதியிருக்காரு, ஆனா யாரு எங்க நிக்குறாங்கன்னு தெளிவாப் புரியும்.

அந்த சூட்டோட இமையத்தோட செல்லாத பணம் எடுத்தேன் (2020 சாகித்ய அகாடமி விருது வாங்குன நாவல்). இன்ஜினியரிங் படிச்ச ரேவதி, ஆட்டோ ஓட்டுற ரவியை அடம்புடிச்சுக் கல்யாணம் பண்ணிக்குறா, அப்புறம் தீக்காயத்தோட பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வர்றா. பெரும்பகுதி அந்த வார்டு வாசல்லயே நடக்குது. உள்ள விடமாட்டாங்க, வெளிய அப்பா அம்மா அண்ணன் அண்ணி எல்லாம் உக்காந்து பேசிட்டே இருக்காங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுட்டு, பக்கத்துல வேற தீக்காயக் கேஸுக்கு வந்தவங்க கதையைக் கேட்டுட்டு. அப்பா ஹெட்மாஸ்டர், காசு இருக்கு, அந்தக் காசை வச்சு ஒண்ணும் பண்ண முடியல. ஆஸ்பத்திரி வராண்டால ராத்திரி தங்குன அனுபவம் இருக்குறவங்க மெதுவாப் படிங்க. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசுறாங்கன்னு சில பேர் குறை சொல்றாங்க, எனக்கு அது குறையாப் படல, அந்த மாதிரி எடத்துல மனுசங்க வேற எப்படிப் பேசுவாங்க?

ரெண்டையும் அடுத்தடுத்துப் படிச்சதுல ஒண்ணு தோணுச்சு. நடக்க வேண்டியது நடந்து போச்சு, இனிமே காத்திருக்குறது மட்டும்தான் மிச்சம், அதை வச்சு முழு நாவலையும் இழுத்துட்டுப் போறது சாதாரண வேலை இல்ல. இந்த மாதிரி வேற இருந்தா சொல்லுங்க.

---

அண்ணே, நீங்க கேட்ட டைப் இல்ல, பக்கத்துல வரும். அசோகமித்திரனோட 18வது அட்சக்கோடு. 1947–48 செகந்திராபாத், ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம் இந்தியாவோட சேரமாட்டேன்னு நிக்குறாரு, ரஜாக்கர்ங்கிற நிஜாம் ஆதரவு ஆயுதக் கும்பல் பயம் ஒருபக்கம், ஆனா கதை நாயகன் சந்திரசேகரனுக்குக் கிரிக்கெட், காலேஜ், வீட்டு வேலைன்னு பொழுது போகுது. பெரிய சரித்திரம் ஓரமா நடக்கும், கொஞ்சங்கொஞ்சமா பையனோட தெருவுக்குள்ள வரும். கடைசிப் பக்கங்களைப் பத்தி இங்க எதுவும் சொல்லமாட்டேன், ஆனா படிச்சு முடிச்சு உடனே வேற புத்தகம் எடுக்க முடியல. அலட்டலே இல்லாத எழுத்து, அதனாலயே முதல் அம்பது பக்கம் என்னடா இதுன்னு இருக்கும், விட்றாதீங்க.

---

நான் ப.சிங்காரம் கட்சி. புயலிலே ஒரு தோணி ரெண்டாவது தடவை இப்ப ஓடிட்டு இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல இந்தோனேசியாவோட மெடான் நகரத்துக்குள்ள ஜப்பான் பட்டாளம் வர்றதுல ஆரம்பிச்சு, பினாங்குக்குத் தொங்கான்ல (சரக்குப் பாய்மரக் கப்பல்) போறப்ப அடிக்குற புயல் இருக்கே, சும்மா இல்ல. சிங்காரம் பதினெட்டு வயசுலயே அந்தப் பக்கம் வேலைக்குப் போனவரு, அங்கயே யுத்தத்தையும் பாத்துட்டு வந்து எழுதியிருக்காரு. மலாய், டச்சு வார்த்தையெல்லாம் வந்து விழும், அர்த்தம் தேடாம ஓடிருங்க, தானாப் புடிபடும். கதையில வர்ற பாண்டியனும் அவன் நண்பன் மாணிக்கமும் குடிச்சுட்டு தமிழ்ப் பெருமையைக் கிண்டல் பண்ற எடம் 1972ல எப்படி அச்சாச்சுன்னு இன்னும் எனக்கு ஆச்சரியம்தான். மொத்தமே ரெண்டு நாவல்தான் எழுதுனாரு, அதான் வருத்தம்.

---

தம்பி, அட்சக்கோடு லிஸ்ட்ல சேத்தாச்சு. தோணி நானும் ஒருதடவை படிச்சிருக்கேன், புயலை விட எனக்கு அந்த மதுரைக் கடைவீதி நெனப்பு வர்ற பக்கங்கதான் புடிக்கும், அது தனியா பேசணும். இப்ப பூமணியோட அஞ்ஞாடி வாங்கி வச்சிருக்கேன், ஆயிரம் பக்கத்துக்கு மேல, 1800கள் கடைசியில நடந்த கழுகுமலை, சிவகாசி சாதிக் கலவரமெல்லாம் வருது. யாராச்சும் முழுசா முடிச்சிருக்கீங்களா? ஒரே மூச்சுல போகலாமா, இல்ல நடுவுல வேற சின்ன புத்தகம் ஏதாச்சும் வச்சுக்கணுமா?