நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) வைத்திருப்பவர்களே, இன்னும் மனதை உறுத்தும் அந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

மேசைவிளக்கு:
இரண்டு பச்சை விளக்குகள். அதுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இரண்டு டிஸ்க் போடும் பெட்டி, 4 டெராபைட் இரண்டு, ரெய்டு 1, அதாவது இரண்டிலும் ஒரே தரவு. வீட்டில் ஒரு டெஸ்க்டாப்பும் இரண்டு லேப்டாப்பும்தான். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்ற தைரியத்தில் படங்களையெல்லாம் பெட்டிக்கு மாற்றிவிட்டு லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டேன். ஒருநாள் இரவு வேண்டாத ஃபோல்டர்களைக் களைந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒன்றும் சேர்ந்து போய்விட்டது. மகள் பிறந்ததிலிருந்து ஆறு வயது வரை எடுத்தவை. நெட்வொர்க் வழியாக அழித்தால் அது கணினியின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது என்பது எனக்குத் தெரியாது. பெட்டிக்கென்று தனியாக ஒன்று உண்டு, அதை நான் இயக்கி வைக்கவில்லை.

எழுந்து ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன். இரண்டு டிஸ்குக்கும் பச்சை. ஒன்றில் அழிந்த அதே நொடி மற்றதிலும் அழிந்திருக்கிறது. டிஸ்க் கெட்டுப்போனால் காப்பாற்றத்தான் ரெய்டு. நான் தவறாக அழித்தால் அதையும் அப்படியே இரண்டிலும் செய்துவிடும். மீட்பு மென்பொருளை வைத்துக் கொஞ்சம் படங்கள் கிடைத்தன, பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மீதி போனது போனதுதான்.

ஓட்டுக்கூரை:
எனக்கு உறுத்துவது ஒரு எண். மூன்று டிஸ்க், இசட்எஃப்எஸ் என்ற பைல் சிஸ்டம், ஒரு டிஸ்க் செத்தாலும் தாங்கும் ரெய்டு இசட் 1. ஒரு டிஸ்க் செத்தது, அதே அளவில் புதிது வாங்கிப் போட்டேன். அதற்கு முன் ஒருமுறை மாற்றியபோது, புது டிஸ்கில் தரவைத் திரும்ப எழுதும் வேலை ராத்திரி ஆரம்பித்து விடிவதற்குள் முடிந்திருந்தது. இந்த முறை திரையில் "இன்னும் 6 நாள்" என்று காட்டியது. மறுநாள் பார்த்தால் 8 நாள். அந்த நாட்களில் இன்னொரு டிஸ்க் மூச்சை விட்டால் எல்லாமே போயிற்று. சாப்பிடும்போதும் காது அந்தப் பெட்டிப் பக்கமே இருந்தது.

புதிய டிஸ்க் எஸ்எம்ஆர் வகை. கூரையில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் ஏறியவற்றையும் திரும்ப எழுதியாக வேண்டும். எப்போதாவது கொஞ்சம் எழுதினால் வித்தியாசம் தெரியாது, உள்ளே இருக்கும் தற்காலிக இடம் சமாளித்துவிடும். மணிக்கணக்கில் விடாமல் எழுதச் சொன்னால் திணறிப்போகும். நாஸுக்கென்றே விற்ற சில டிஸ்குகளும் இந்த வகைதான், அட்டையில் அதைச் சொல்லவில்லை என்பது 2020ல்தான் வெளியே வந்தது. வாங்கும்போது சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று எழுத்தில் போட்டிருக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். நான் ஐந்தாம் நாள் அதைக் கழற்றிவிட்டு வேறு போட்டேன். அதற்குள் மற்ற இரண்டும் தாங்கிவிட்டன.

கம்பிமுனை:
சுருக்கமாகச் சொல்கிறேன். நொடிக்கு 11 மெகாபைட். எதைக் காப்பி செய்தாலும் 11. பெட்டியின் பிராசஸர் போதவில்லை என்று நினைத்து, பழையதைக் கொடுத்துவிட்டு நினைவகம் அதிகமுள்ள புதுப் பெட்டி வாங்கினேன். செருகி, முதல் காப்பியை ஓட்டினேன். 11.

கதவிடுக்கில் நசுங்கிய கேபிள்தான் காரணம். கிகாபிட் ஓட உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தால் இரண்டே ஜோடியில் ஓடும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், யாருக்கும் சொல்லாது. கேபிளை மாற்றியதும் 110. ஸ்விட்சில் அந்த ஒரு போர்ட்டின் விளக்கு மட்டும் வேறு நிறத்தில் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. 2 டெராபைட்டை மாற்ற 5 மணி நேரம் போதும், நான் 50 மணி நேரம் காத்திருந்தேன்.

அடுக்குவீடு:
மேசைவிளக்கு, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ரெய்டு பேக்கப் ஆகாது என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டேதானே இருக்கிறோம்? ஸ்நாப்ஷாட் (கோப்புகளின் அந்தந்த நேரத்து நிலையைப் பெட்டி பதிந்து வைப்பது) மட்டும் இருந்திருந்தால் அந்த ஃபோல்டர் ஒரு நிமிடத்தில் திரும்பியிருக்கும். ஓட்டுக்கூரை, நீங்கள் டிஸ்கைக் குறை சொல்கிறீர்கள். பெரிய டிஸ்குகளில் ஒன்றை மட்டும் இழக்கலாம் என்ற அமைப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டை இழந்தாலும் தாங்கும்படி போடுங்கள், இல்லையென்றால் ரெய்டு 1 போல மிரர் போடுங்கள்.

என் கதை சின்னது. யூபிஎஸ் வாங்கினேன், மின்சாரம் போனதைப் பெட்டிக்குச் சொல்லி ஒழுங்காக அணைய வைக்கும் அதன் யூஎஸ்பி வயரைப் பெட்டியில் செருகவில்லை. பேட்டரி தீர்ந்ததும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பெட்டி அணைந்தது. மீண்டும் வந்தபோது கணக்குப் புத்தகம் வைத்திருந்த கோப்பு திறக்கவில்லை.

புதிதாக வாங்குபவர்களுக்கு: முதலில் பைல் சிஸ்டத்தைப் பாருங்கள், ஸ்நாப்ஷாட் எடுக்க வசதியுள்ள பிடிஆர்எஃப்எஸ் அல்லது இசட்எஃப்எஸ். ஸ்நாப்ஷாட் மணிக்கு ஒன்று, ஒரு நாள் வரை. நாளுக்கு ஒன்று, ஒரு மாதம் வரை. மாறியது மட்டும்தான் இடம் பிடிக்கும், பயப்பட வேண்டாம். டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், கெட்ட இடங்களைக் காட்டும் 5, 197 இரண்டு வரிகளையும் கவனியுங்கள், எண் ஏற ஆரம்பித்தால் டிஸ்கை மாற்றுங்கள். 199 ஏறினால் பெரும்பாலும் டேட்டா கேபிளில்தான் கோளாறு, டிஸ்கை வீசிவிடாதீர்கள். ரூட்டரில் போர்ட் திறந்து பெட்டியை நேராக இணையத்தில் வைக்கவே கூடாது. 2022ல் டெட்போல்ட் என்ற பணம் பறிக்கும் மென்பொருள் அப்படித் திறந்து கிடந்த பெட்டிகளைத்தான் தேடித் தேடிப் பூட்டியது. வெளியிலிருந்து வேண்டுமானால் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக வாருங்கள். அப்புறம், பழைய கணினி சும்மா கிடந்தால் அதிலேயே ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருளைப் போட்டுப் பார்க்கலாம், பெட்டியே வாங்க வேண்டியதில்லை. மின்சாரம் மட்டும் கூடுதலாக இழுக்கும்.

சாவிக்கொத்து:
அடுக்குவீடு, அவர் மகளின் படங்களை இழந்து எழுதியிருக்கிறார். "சொல்லிக்கொண்டேதானே இருக்கிறோம்" என்பது அங்கே தேவையா? ஸ்நாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள், அதே டிஸ்கில்தான் இருக்கிறது. பெட்டியைத் திருடிக்கொண்டு போனால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

என் பெட்டியின் போர்டு எரிந்துபோனது. டிஸ்குகளுக்கு ஒன்றுமில்லை. வீட்டுப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே லினக்ஸின் எம்டிஏடிஎம் என்ற மென்பொருள்தான் ரெய்டைப் பார்த்துக்கொள்கிறது என்று படித்திருந்தேன். இரண்டையும் கழற்றி லினக்ஸ் கணினியில் மாட்டினேன், ரெய்டு தானாகவே எழுந்து வந்தது. பாட்டு, படம் எல்லாம் இருந்தன. கை நடுங்கியது, சந்தோஷத்தில். அப்புறம் ஆவணங்கள் ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே எல்லாப் பெயரும் ஒரே எழுத்துக்கோவையில் ஆரம்பித்து, அதன்பின் நீளமாக ஏதேதோ எழுத்துகள்.

அந்த ஒரு ஃபோல்டரைக் குறியாக்கம் செய்திருந்தேன். பெட்டி ஒவ்வொரு முறையும் தானே திறந்துகொண்டதால் பாஸ்வேர்டை நான் மூன்று வருடமாகத் தட்டவே இல்லை. சாவிக் கோப்பைப் பத்திரமாகச் சேமித்தது நன்றாக நினைவிருக்கிறது. சேமித்த இடம் அதே ஆவணங்கள் ஃபோல்டர்.

அடுக்குவீடு:
மேசைவிளக்கு, அந்த வாக்கியத்துக்கு மன்னியுங்கள். சாவிக்கொத்து, ஸ்நாப்ஷாட் போதும் என்று நான் சொல்லவில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற 3-2-1 முறையைத்தான் நானும் பின்பற்றுகிறேன். அழிந்த கோப்பை உடனே எடுக்க ஸ்நாப்ஷாட்டை விட எளிய வழி இல்லை என்பதில் மட்டும் நான் மாறப்போவதில்லை.

மேசைவிளக்கு:
பரவாயில்லை நண்பரே. நேற்று இரவு நீங்கள் சொன்னபடி ஸ்நாப்ஷாட் அட்டவணை போட்டேன். ஒரு ஃபோல்டரை வேண்டுமென்றே அழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், வந்துவிட்டது. வெளியே வைக்க ஒரு தனி டிஸ்கில் காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. என் அக்காவின் பழைய போனில் மகளின் படங்கள் நாற்பது சொச்சம் இருந்தன, அவையும் அதில் ஏறுகின்றன.

சாவிக்கொத்து, உங்கள் பாஸ்வேர்டு நினைவுக்கு வந்ததா?

சாவிக்கொத்து:
இன்னும் இல்லை. தோன்றுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன். அந்த இரண்டு டிஸ்கையும் துணி சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.