சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: 7 மணி நேரமா, 19 மணி நேரமா?

யீஷுன்வாசி:
அக்காவுக்கு நியூஜெர்சியில் பிரசவம், அம்மாவைத் தனியாக அனுப்பப் போகிறோம். நேரடி விமானம் பார்த்தால், நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் சாங்கியில் கிளம்பி, மறுநாள் காலை 6 மணி வாக்கில் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் என்று போட்டிருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு "ஏழு மணி நேரம்தானே, சென்னைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூட" என்று நிம்மதியாக இருக்கிறார். தூரம் 15,300 கிலோமீட்டர் சொச்சம், மணிக்கு 900 என்று வகுத்தால் 17 மணி நேரம். ஆனால் பக்கத்தில் சின்னதாக 18 மணி 50 நிமிடம் என்றும் இருக்கிறது. எதை நம்புவது? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு.

நூல்பிடி:
அந்தச் சின்ன எழுத்தைத்தான் நம்பணும். கிளம்பும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரம், இறங்கும் நேரம் நியூயார்க் கடிகாரம். கோடையில் அங்கே நமக்கு 12 மணி நேரம் பின்னால், நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு 13. அம்மாவின் ஏழோடு 12-ஐக் கூட்டுங்கள், கணக்கு வந்துவிடும்.
உங்கள் வகுத்தலிலும் தப்பில்லை. 15,300 என்பது உலக உருண்டை மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம், அந்த நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். விமானம் பெரும்பாலும் அப்படிப் போகாமல் ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடக்கும், ஏனென்றால் அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று முதுகில் தள்ளும். கிலோமீட்டர் கூடினாலும் நேரம் மிச்சம். ஓடுபாதைக்காக வரிசையில் நிற்பதும் அந்த 18 மணி 50 நிமிடத்துக்குள் சேர்த்திதான்.

சாங்கி_ராத்திரி:
போன வருஷம் என் அம்மாவோடு இதில் போனேன். மொத்தமே 161 இருக்கைதான், எக்கானமி கிடையவே கிடையாது, பிசினஸும் பிரீமியம் எக்கானமியும் மட்டும். எரிபொருள் சுமைக்காக ஆளைக் குறைத்திருக்கிறார்கள், அதனால் விலை கடிக்கும். சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்த பிறகுதான் உண்மையான பயணமே. முன்னால் இருக்கிற திரையில் குட்டி விமானம் நீலத்தின் மேல் ஒட்டிவைத்த மாதிரி நிற்கும். அம்மா என்னை மூன்று தடவை எழுப்பி "இன்னும் கடல்தானா?" என்றார். நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள், எழுந்து நடக்க யாரையும் தாண்ட வேண்டாம். மாத்திரையெல்லாம் கைப்பையில் இருக்கட்டும், எந்த ஊர் நேரப்படி போடுவது என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

ஒருதரம்இறங்கி:
எக்கானமி வேண்டுமென்றால் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகிறது ஒன்று. ஃபிராங்க்ஃபர்ட் வரை 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து 6,200, தூரம் என்னவோ ஆயிரத்துச் சொச்சம்தான் கூடும், ஆனால் நடுவில் தரையில் நிற்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு முழு நாள். காலை நீட்ட நல்லதுதான், நானாக இருந்தால் அதில்தான் போவேன். தனியாகப் போகிற அம்மாவுக்கு வேண்டாம், இறக்கி மறுபடி சோதனை போட்டு ஏற்றுவார்கள். எதில் போனாலும் சக்கர நாற்காலி கேட்டு வையுங்கள், ஜேஎஃப்கே குடிநுழைவு வரிசையில் அது பெரிய உதவி.

யீஷுன்வாசி:
நன்றி. நேரடிதான், ஓர இருக்கை. அம்மாவிடம் 19 மணி நேரம் என்று சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "அப்போ எத்தனை வேளை சாப்பாடு போடுவான்?" என்றார்.

சாங்கி_ராத்திரி:
எங்களுக்கு இரண்டு, நடுவில் கொறிக்கக் கேட்டு வாங்கலாம். சைவம் என்றால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள், கடைசி 24 மணி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.