வாளியிலேயே கெட்டுப்போகும் கிளேஸ்: வடசென்னை மண்பாண்டக்காரர்களின் அனுபவப் பகிர்வு

பெரம்பூர்

கிளேஸ், அதாவது மண்பாத்திரத்தின் மேல் உருகிக் கண்ணாடியாகும் பூச்சு, பூசிச் சூளையில் எரிக்கும்போது எதிர்ப்பட்ட கோளாறு, அதற்குக் கண்ட காரணம், சரிசெய்த விதம் மூன்றையும் அவரவர் பகுதிப் பெயரின் கீழ் இங்கே எழுதுங்கள். அளவு, நேரம், டிகிரி கட்டாயம் வேண்டும். "சூளை சரியில்லை" என்று ஒரு வரி எழுதினால் கற்றுக்கொள்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. நம் பக்கத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை நெருப்பு மூட்டும் முன்பே, தண்ணீரிலும் ஈரக் காற்றிலும் தொடங்கிவிடுகின்றன. அதனால் தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அந்த போர் தண்ணீரில் கிளேஸ் கரைத்தால் அதிலுள்ள உப்புகள், முக்கியமாகக் கால்சியமும் மெக்னீசியமும், களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். வாளியில் இருப்பது தயிர் மாதிரி கெட்டியாகத் தெரியும். உடனே இன்னும் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றினால் பூச்சில் தூள் குறைந்து தண்ணீர் கூடுகிறது. காயும்போது அதிகம் சுருங்கி மயிரிழை வெடிப்பு விடுகிறது. சூளையில் கிளேஸ் உருகும்போது அந்த வெடிப்பு வழியாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கித் திரண்டுகொள்ளும், நடுவில் வெறும் மண் தெரியும். இதைப் பார்த்துச் சூடு போதவில்லை என்று நினைத்து 20 டிகிரி ஏற்றுபவர்கள் நிறையப் பேர். ஏற்றினாலும் திரண்டது திரண்டதுதான்.

கெட்டியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 100 மில்லி அளவுக் குவளையைத் தராசில் வைத்து எடையைக் கழித்துக்கொண்டு, நன்றாகக் கலக்கிய கிளேஸைக் கோடு வரை ஊற்றி நிறுங்கள். முக்கிப் பூசுவதற்கு 140 முதல் 145 கிராம் வர வேண்டும். எடை 130தான் காட்டுகிறது, ஆனால் கை விட்டால் கெட்டியாக இருக்கிறது என்றால் உப்பின் வேலை. ஓர் இரவு தெளிய விட்டு, மேலே நிற்கும் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, கேன் தண்ணீரால் ஈடுசெய்து 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் வடிகட்டுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு மிக நல்லது, உப்பே இருக்காது; தூசியை மட்டும் வடிகட்டினால் போதும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் வாளிப் பக்கமே கொண்டுவராதீர்கள், அதில் உப்பு இரட்டிப்பாக இருக்கும்.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. ஃப்ரிட் (முன்பே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) அதிகமுள்ள கிளேஸ் நல்ல தண்ணீரில் அடியில் போய்க் கல்லாக இறுகிவிடும். ஒரு கிலோ உலர்ந்த தூளுக்கு 10 முதல் 20 கிராம் பென்டோனைட் (மிக நுண்ணிய ஒரு களிமண்) சேருங்கள். தூளோடு உலர்வாகக் கலந்த பிறகுதான் தண்ணீரில் போட வேண்டும். தனியாகத் தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். ஏற்கெனவே கரைத்துவிட்ட வாளியென்றால் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் எப்சம் உப்பை (இதுவும் மெக்னீசிய உப்புதான்; துகள்களை ஒட்ட வைக்கும் அதே வேலை இங்கே அளவோடு உதவும்) வெந்நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

திருவொற்றியூர்

பெரம்பூர் அக்கா தண்ணீரைச் சொல்லிட்டாங்க. நான் காத்தையும் மண்ணையும் சொல்றேன்.

கடலோரத்துல பிஸ்க் பண்ண, அதாவது கிளேஸ் பூசறதுக்கு முன்னாடி ஒரு தடவை எரிச்ச பானையைத் திறந்த அலமாரியில ஒரு வாரம் வச்சாலே மேல உப்புத் தூசி, எண்ணெய்ப் புகை, கரி எல்லாம் படியும். அதுமேல கிளேஸ் பிடிக்காது. சுத்தமான தண்ணியில பிழிஞ்ச ஸ்பாஞ்சால ஒரு தடவை துடைச்சு, முழுசா காயவிட்டு அப்புறம் முக்குங்க. ஈரம் இருந்தா மண் கிளேஸை உறிஞ்சாது, பூச்சு மெலிசாயிடும்.

இன்னொண்ணு, பானை விளிம்புலயும் கைப்பிடி முனையிலயும் வெள்ளையா பூத்து நிக்கிறது. மண்ணுல இருக்கிற உப்பு, தண்ணி ஆவியாகும்போது கூடவே மேல வருது. காத்து எங்க அதிகம் படுதோ அங்க அதிகம் சேருது. பிஸ்க் எரிச்ச பிறகும் அது போகாது. அந்த இடத்துல கிளேஸ் கொப்புளிக்கும், இல்லன்னா உரியும். கடலுப்பா இருந்தா ஊறவச்சா கரைஞ்சு போகும், ஜிப்சம் அவ்வளவு சுலபமா கரையாது. வனையற மண்ணைப் பிசையற தண்ணியையே மாத்துறதுதான் நிலையான வழி. பேரியம் கார்பனேட் கலந்தா உப்பு மேல வராதுன்னு சொல்வாங்க, உண்மைதான். ஆனா அது விஷம். வீட்டுல, குழந்தைங்க நடமாடுற இடத்துல வேண்டாம்.

சிப்பித் துண்டு இதைவிட மோசம். கடலோர மண்ணுல மிளகு அளவுக்கு ஒரு சிப்பியோ சுண்ணாம்புக் கல்லோ இருந்தா, சூளையில அது சுட்ட சுண்ணாம்பா மாறிடும். வெளிய எடுத்த அன்னைக்கு பானை அழகா இருக்கும். நம்ம ஊர் ஈரக் காத்தை அது குடிச்சு வீங்கி, சில நாள்ல கிளேஸோட சேர்த்து ஒரு சில்லைத் தள்ளிவிடும். குழிக்குள்ள பார்த்தா வெள்ளைப் புள்ளி தெரியும். மண்ணைக் கூழாக் கரைச்சு 60 மெஷ்ல வடிகட்டாம இதுக்கு மருந்தே கிடையாது.

ஐப்பசி, கார்த்திகையில கிளேஸ் பூசின பானையை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டாலும் உள்ளே ஈரம் இருக்கும். அப்படியே அடுக்கினா ஆவி பூச்சைத் தூக்கிவிடும், செதில் செதிலாச் சூளைத் தட்டுல விழும். மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டு 90 டிகிரியில நிறுத்துங்க. புகைவாய்க்கு நேரா ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டினா பனி படியும். அது நிக்கிற வரைக்கும் மேல ஏத்தாதீங்க.

கொசப்பேட்டை

கொலு பொம்மை, அகல், பிள்ளையார் செய்யுற மண்ணுல கிளேஸ் போடலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. போடலாம். ஆனா வெறகு சூளையில வெந்ததை அப்படியே எடுத்து முக்கக் கூடாது.

ஒரு பொருளை உடைச்சுப் பாருங்க. வெளிய செவப்பா, நடுவுல கருப்பு வரி இருந்தா உள்ள கரி பாக்கி இருக்குன்னு அர்த்தம். மேல கிளேஸ் போட்டு எரிச்சா அந்தக் கரி வாயுவா மாறி, உருகுற கிளேஸைத் துளைச்சுக்கிட்டு வெளிய வரும். ஊசிக்குத்து மாதிரி ஓட்டை பெரும்பாலும் அதனாலதான் வருது. மறுபடியும் பிஸ்க் போடுங்க: 700லேர்ந்து 900 வரைக்கும் மணிக்கு 60 டிகிரிக்கு மேல ஏத்தாம, புகைவாய் தொறந்தே இருக்கணும், காத்து உள்ள போகணும். நெருக்கி அடுக்காதீங்க. கடைசியா 1000ல அரை மணி நிறுத்துங்க.

ஏரி மண்ணு 1100 தாண்டினா நெறைய மண்ணு வீங்கிடும், சிலது சாஞ்சிடும். எந்த மண்ணா இருந்தாலும் முதல்ல விரல் நீளத்துக்கு ஒரு பட்டை செஞ்சு, ரெண்டு முனைக்கும் கல் முட்டுக் குடுத்து எரிச்சுப் பாருங்க. நடுவுல தொங்கிடுச்சுன்னா அந்தச் சூடு அந்த மண்ணுக்கு ஆகாது. பொம்மைக்கு மேல பெயின்ட் அடிக்கிறது வேற வேலை, அதுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்ல. தண்ணி படுற பாத்திரம்னா இதெல்லாம் பாக்கணும்.

வியாசர்பாடி

கலவை அளவு எழுதுகிறேன். செம்மண் பாத்திரத்துக்கு, 1060 டிகிரிக்கு: ஈயம் இல்லாத போரான் ஃப்ரிட் 85, சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 15. பளபளப்பான, நிறமற்ற பூச்சு கிடைக்கும். கற்றுக்கொள்ள இது போதும். ஐந்தாறு நிறங்களும் இதிலிருந்தே வரும்: வெள்ளைக்கு ஜிர்கோனியம் சிலிக்கேட் 10 சதவீதம், தேன் நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு 2 முதல் 4, நீலத்துக்குக் கோபால்ட் ஆக்சைடு அரை முதல் 1. காப்பர் கார்பனேட் 2 முதல் 3 பச்சை தரும், ஆனால் உணவுப் பாத்திரத்தின் உட்புறத்துக்கு வேண்டாம்.

கரைத்த வாளியில் பிறகு நிறம் சேர்க்க வேண்டுமானால் உலர்ந்த தூள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். 100 மில்லியின் எடையில் 100ஐக் கழித்து 1.6ஆல் பெருக்குங்கள். 145 கிராம் என்றால் 45 பெருக்கல் 1.6, அதாவது 72 கிராம். ஒரு லிட்டரில் 720 கிராம் தூள். 1 சதவீதம் கோபால்ட் என்றால் 7.2 கிராம். சமையலறைத் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

உயர்வெப்பத்துக்கு, 1280 டிகிரிப் பக்கம், உலகெங்கும் புழங்கும் கணக்கு ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, வைட்டிங் 20, சைனா கிளே 10. வீட்டு ஊறுகாய் ஜாடி போன்ற ஸ்டோன்வேர் மண்ணுக்குத்தான் இது. நம் ஏரி மண் அந்தச் சூட்டில் நிற்காது. புதுச்சேரியில் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைப் பார்த்து இந்தப் பக்கம் ஆசைப்படுபவர்கள் முதலில் மண்ணையும் சூளையையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாரிமுனைப் பக்கம் வாங்கும்போது பெயரால் ஏமாற வேண்டாம். வைட்டிங் என்பது கால்சியம் கார்பனேட். சாக் பவுடர் என்ற பெயரில் சில சமயம் ஜிப்சம் கிடைக்கும். அதில் உள்ள கந்தகம் சூளையில் கொப்புளம் தரும். ஒரு சிட்டிகைத் தூளில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் வைட்டிங். வெண்காரத்தை ஃப்ரிட்டுக்குப் பதிலாகப் போடாதீர்கள். அது தண்ணீரில் கரைந்து பானைக்குள் உறிஞ்சப்படும், மிச்சம் வாளியில் படிகமாக நிற்கும். மயில்துத்தம் காப்பர் கார்பனேட்டுக்கு மாற்று கிடையாது. கரையும், விஷம், தோலில் பட்டாலும் கெடுதல்.

தூள் நிறுக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது.

கொருக்குப்பேட்டை

கரண்ட் சூளை வைத்திருப்பவர்களுக்கு. மாலை 6 மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது 230 வோல்ட் 200க்கு இறங்குவதுண்டு. சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 13 சதவீதம் வோல்ட் குறைந்தால் சூடு 24 சதவீதம் குறையும். சூளை 980இல் மணிக்கணக்கில் நின்றுவிடும். சூடேற்றும் காயில் (கம்பிச் சுருள்) கெட்டுவிட்டது என்று கழற்றும் முன் வோல்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். கடைசி 200 டிகிரி நள்ளிரவுக்குப் பிறகு வருகிற மாதிரி நேரம் வைத்தால் இந்தப் பாடு இல்லை.

என் கணக்கு: 600 வரை மணிக்கு 100 டிகிரி, அங்கிருந்து 1000 வரை மணிக்கு 150, கடைசி 60 டிகிரி ஒரு மணி நேரம், உச்சியில் 15 நிமிடம் நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் குமிழிகள் உடைந்து மேற்பரப்பு சமமாகும். டிஜிட்டல் மீட்டரை மட்டும் நம்பாமல் 04 எண் கோனை (1060 டிகிரிப் பக்கம் வந்ததும் சாயும் சின்னக் கூம்பு) எட்டிப் பார்க்கும் துளைக்கு நேராக வையுங்கள். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் முனையில் கடற்காற்று துரு ஏற்றினால் மீட்டர் தவறாகக் காட்டும்; கோன் பொய் சொல்லாது. நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். மூடியைத் திறக்காமல் விடுங்கள், வந்ததும் தொடருங்கள், கோன் சாயும் வரை எரியுங்கள்.

ஆறும்போது 573 டிகிரியிலும் 226 டிகிரிப் பக்கமும் மண்ணுக்குள் இருக்கும் சிலிக்கா சட்டென்று சுருங்கும். 300இல் மூடியைத் தூக்கி வேடிக்கை பார்த்தால் பானை நெடுக விரிசல் விடும். கையால் தொடும் சூடு வந்த பிறகு திறங்கள்.

ராயபுரம்

இந்த மாதிரி கிளேஸ் போட்ட செம்மண் பாத்திரத்துல ரசம், புளிக்குழம்பு ஊத்தி வைக்கலாமா அண்ணா? எடுத்தப்ப நல்லா இருந்த கிண்ணம், ரெண்டு மாசத்துல மேல வலை வலையா கோடு விட்டுடுச்சுன்னு ரெண்டு பேர் எங்க கிட்ட கேட்டாங்க.

பெரம்பூர்

அண்ணன் சூளைப் பக்கம் இருப்பார், நான் சொல்கிறேன் தம்பி. அந்தக் கோடு தாமதமாக வருவதற்குக் காரணம் ஈரம். சரியாக வேகாத செம்மண் காற்றிலிருந்தும் கழுவும் தண்ணீரிலிருந்தும் ஈரம் குடித்து மெல்ல விரியும். மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு விரியாது, அதனால் கீறும். பிஸ்க்கை 1060க்குக் கொண்டுபோங்கள், மண் அதைத் தாங்கும் என்றால். கிளேஸில் குவார்ட்ஸ் 5 பங்கு சேர்த்துச் சோதியுங்கள், போதாவிட்டால் இன்னும் 5. கூட்டக் கூட்ட உருகும் சூடும் ஏறும் என்பதைக் கணக்கில் வையுங்கள். சோதனைக்கு: துண்டை 3 நிமிடம் கொதிநீரில் போட்டு உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள், இப்படி ஐந்து முறை. பிறகு பேனா மையைத் தடவித் துடையுங்கள். கோடு இருந்தால் மை காட்டிக்கொடுக்கும். கோடு விட்ட கிண்ணத்தில் குழம்பு வேண்டாம்; கீறல் வழியாகப் புளிநீர் மண்ணுக்குள் இறங்கி நாறும்.

புளிப்பு என்று வந்தால் ஈயம்தான் முதல் கேள்வி. ஈய ஃப்ரிட் மலிவு, பளபளப்பும் அதிகம், அதனால் இன்னும் விற்கிறார்கள். ஈயம் இல்லை என்று மூட்டையில் எழுத்து இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஈயக் கிளேஸில் காப்பர் சேர்ந்தால் ஈயம் இன்னும் வேகமாகக் கசியும். பாதி கிண்ணத்துக்கு வினிகர் ஊற்றி 24 மணி நேரம் வைத்துப் பாருங்கள். நனைந்த பகுதி மங்கினாலோ நிறம் மாறினாலோ அந்தக் கலவையை விட்டுவிடுங்கள். மாறவில்லை என்பதற்காக மட்டும் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. விற்கப்போகிறீர்கள் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த பிறகே விற்க வேண்டும். அங்கே 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் ஊறவைத்துக் கசிந்ததை அளப்பார்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. அந்தக் கிண்ணத்தில் ஏதோ ஒரு வீட்டில் குழந்தைக்கு மோர் சாதம் பிசைவார்கள்.

திருவொற்றியூர்

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. முக்கறதுக்கு 2 முதல் 3 விநாடி போதும். காய்ஞ்ச பிறகு குண்டூசியால கீறிப் பாருங்க, பூச்சு 1 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. அடிப்பாகத்தையும், அதுக்கு மேல 3 மில்லிமீட்டரையும் ஸ்பாஞ்சால சுத்தமாத் துடைச்சிடுங்க, இல்லன்னா தட்டோட ஒட்டிக்கும். தட்டுக்கு அலுமினாவும் சைனா கிளேயும் சரிபாதி தண்ணியில கரைச்சு ரெண்டு பூச்சு. மழைக்காலத்துல அந்தப் பூச்சையும் முழுசா காயவிட்டுத்தான் அடுக்கணும்.