விவாதம்: சண்டைக்கார ஐயர்களை (சபைப் பாதிரியார்களை) வைத்துச் சிரிப்புக் கொலைக்கதை எழுதலாமா?

மூன்றாம்மணி:
ஒரு துப்பறியும் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இடம், தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு கற்பனைச் சேகரம், அதாவது ஒரு ஐயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம். ஓய்வு பெற்ற பிறகும் ஊரைவிட்டுப் போகாத பழைய ஐயர் ஒருவர், இப்போதைய சேகர ஐயர் ஒருவர். பாதி ஊர் இன்னமும் ஜெபத்துக்குப் பழையவர் திண்ணைக்குத்தான் போகிறது. ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அசனத்துக்கு, அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் விருந்துக்கு, முந்தின இரவு, இரண்டு பேரையும் மாறி மாறித் தூண்டிவிட்டு வந்த சேகரக் கமிட்டிச் செயலர் சமையல் பந்தலுக்குப் பின்னால் செத்துக் கிடக்கிறார்.

போலீஸ் கேட்டால், அந்த நேரம் எங்கே இருந்தோம் என்று இரண்டு ஐயர்களும் வாயே திறப்பதில்லை. பழையவர் இருட்டில் புதியவர் வீட்டு வேலி ஓரம் நின்று, யார் யார் வந்து போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். புதியவர் விளக்கை அணைத்துவிட்டு, இவர் எப்போது நகர்வார் என்று ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரைக் காப்பாற்ற மற்றவர் சாட்சி சொன்னால்தான் உண்டு. சொன்னால் மானம் போகும்.

இதை எழுதாதே என்று இரண்டு பேர் தனி மடல் போட்டிருக்கிறார்கள். இங்கேயே பேசிவிடலாம் என்று கேட்கிறேன்.

ஐயர்வீட்டுப் பிள்ளை:
தம்பி, நீ இதை எழுதக்கூடாது என்கிற கட்சி நான். என் அப்பா முப்பது வருடம் சேகர ஐயராக இருந்தார். மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்று தெரியாமல், பாத்திரங்களை முழுதாக அவிழ்க்காமலே வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. இன்லேண்ட் லெட்டர், அடுத்த ஊர்த் தபால் முத்திரை. காணிக்கைப் பணத்தில் அப்பா கை வைத்தார் என்று எழுதியிருந்தது. அம்மா இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டாள். "ழகரத்துக்கு வாலை இப்படிச் சுழிக்கிற ஆள் ஊரில் ஒருத்தர்தான்" என்று மட்டும் சொன்னாள். அந்த ஞாயிறு அதே ஆள் காணிக்கைப் பையோடு எங்கள் வரிசைக்கு வந்தார். அம்மா காசு போட்டாள். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பியும் கொடுத்தாள்.

இதில் எந்த இடத்தில் சிரிப்பது?

ஊசிக்கோபுரம்:
அக்கா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் சண்டையை மூடிவைத்துத்தானே இந்த நிலைக்கு வந்தோம்? நம் சபை தொடங்கிய காலத்திலேயே பெரிய பிளவு உண்டு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, நாம் ஊசிக்கோபுரம் என்கிற கோவிலைக் கட்டிய ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயரையே, ஆங்கிலிக்கன் சபை ஒழுங்குகளைக் குறை சொல்லி எழுதியதற்காக 1835இல் அவரை அனுப்பிய மிஷன் சங்கம் விலக்கியது. அவர் ஆற்காட்டுக்குப் போனார். ஐயருக்குக் கீழே ஊர்ச் சபைகளைக் கவனித்த உபதேசிமார் கூப்பிட, அதே வருடம் திரும்பி வந்து தனி மிஷன் நடத்தினார். 1838இல் அவர் இறக்கும்வரை சபைகள் இரண்டு கட்சியாகத்தான் நின்றன. ஞாயிறு பள்ளியில் இதை யாராவது நமக்குச் சொன்னார்களா?

துப்பறியும் கதையும் சபைக்கு அந்நியமில்லை. வாசகரை ஏமாற்றாமல் எழுதப் பத்து விதிகளை 1929இல் வகுத்த ரொனால்ட் நாக்ஸ் ஒரு கத்தோலிக்கக் குருதான். தம்பி தாராளமாக எழுதட்டும். திருவிருந்தில் திராட்சரசம் பருகும் பாத்திரத்தில் விஷம் வைத்தால் இன்னும் விறுவிறுப்பாக இருக்கும்.

வடக்கன்குளத்தான்:
நான் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கன். எங்கள் ஊர் வடக்கன்குளத்துச் சண்டையையும் கேளுங்கள். 1872இல் கட்டிய கோவிலுக்குக் கால்சட்டைக் கோவில் என்று பெயர். பீடத்தில் போய்ச் சேரும் இரண்டு கால்கள். ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் இன்னொரு சாதி. 1910இல் நடுத்தடுப்பை இடித்தார்கள். திரும்பக் கட்டித் தரச் சொல்லி உயர்சாதிக்காரர்கள் வழக்குக்கே போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது.

இரண்டு ஐயர்களின் பொறாமையால்தான் சண்டை என்று எழுதினால், சண்டையின் வேர் மறைந்துபோகும். பாதி ஊர் பழையவர் திண்ணைக்குப் போகிறது என்கிறீர்களே அண்ணாச்சி, எந்தப் பாதி? ஏன் அந்தப் பாதி? அதைச் சொல்லாமல் சிரிப்பு மூட்டினால் எனக்கு ஒப்பாது.

மூன்றாம்மணி:
முதலில் ஊசிக்கோபுரத்துக்கு: பாத்திரம் வேண்டாம். அதை நான் தொடமாட்டேன். கதைக் கணக்கிலும் அது உதவாது. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறார்கள். மீதியை ஐயரே குடித்து முடிக்கிறார். கடைசி ஆளுக்கும் ஐயருக்கும் நடுவில், மொத்தச் சபையும் பார்த்திருக்க, யார் எப்படி விஷம் போடுவது?

வடக்கன்குளத்தாருக்கு: நீங்கள் சொல்வது சரி. சாதியைச் சொல்லாமல், தெற்குத் தெரு, வடக்குத் தெரு என்று எழுதி நழுவியிருந்தேன். திரும்ப எழுதுகிறேன்.

அக்காவுக்கு: நான் ஐயர்மாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கதையில் செத்தவர் தன்னை இரண்டு பேரும் சேர்ந்துதான் அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் ஒரே ஜெபப் புத்தகம். பழையவருக்குக் கண் சரியில்லை. புதியவர் ஒரு வரி மெதுவாகச் சொல்லிக் கொடுக்க, பழையவர் அதை உரக்கச் சொல்கிறார். ஒன்பது வருடத்தில் இருவரும் பேசிய முதல் பேச்சு அதுதான். அந்த இடத்தில் சிரிப்பும் வரும், நெஞ்சும் அடைக்கும் என்று நம்புகிறேன். அதற்காகத்தான் இந்தக் கதையே.

ஐயர்வீட்டுப் பிள்ளை:
அந்த அடக்க ஆராதனையைப் படிக்க எனக்கே ஆசை வந்துவிட்டது. இருந்தாலும் முழுக்க ஒப்பவில்லை. கொலை நடந்த வீட்டையும் நினைக்க வேண்டும். செயலருக்கு மனைவி இருப்பாள். சிரிப்புக் கதைகளில் செத்தவன் மனைவி இரண்டு வரியோடு காணாமல் போய்விடுவாள்.

ஊசிக்கோபுரம்:
பாத்திரம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். யோசிக்காமல் எழுதிவிட்டேன். கண்டுபிடிப்பது யார்? இன்ஸ்பெக்டரா?

மூன்றாம்மணி:
கோயில்குட்டியார், கோவிலைக் கவனித்துக்கொள்கிற ஊழியர். சாவி அவரிடம், மணி அவரிடம். ஊரே அவர் அடிக்கிற மணியை வைத்துத்தான் நேரம் சொல்லிச் சாட்சி கொடுக்கிறது. அன்று விடியலில் முதல் மணியை அடித்தது அவர் இல்லை. அது அவருக்கு மட்டும் தெரியும்.

வடக்கன்குளத்தான்:
மணிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லலாம் அண்ணாச்சி. பழக்கமில்லாதவன் கயிற்றை இழுத்தால் இரண்டாவது அடி உடனே விழாது, இழுபடும். சின்ன வயதில் திருட்டுத்தனமாக அடித்து மாட்டியவன் சொல்கிறேன்.

ஐயர்வீட்டுப் பிள்ளை:
அந்த மனைவிக்கு ஒரு அத்தியாயம் கொடு தம்பி. மொட்டைக் கடிதாசியையும் எடுத்துக்கொள். ஆனால் உன் கதையில் அதை அடுப்பில் போடவேண்டாம். அவள் பத்திரமாக எடுத்து வைக்கட்டும். ழகரத்து வால் மேல்பக்கமாகச் சுழியும், இடப்பக்கம். மறக்காமல் எழுது.